தூங்குகிறவரை அளந்த நூல்

“தூங்கினு இருக்கிறவள இன்னாத்துக்குடி அளந்த?”

ஒரு மத்தியானம் அண்ணி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு இப்படிக் கேட்டாள். என் கையில் வெள்ளை நூல் இருந்தது. அதன் ஒரு நுனி அவள் குதிகாலில், மறுநுனி முழங்கால் மடிப்பில். நான் வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. பள்ளிக்கூடத்திலும் எனக்கு அப்படித்தான். எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் எழுத்தெல்லாம் கண்ணுக்குத் தெரியும், குரல் மட்டும் வராது. எட்டாவதோடு நின்றுவிட்டேன்.

எங்கள் பக்கத்தில் படுத்திருக்கிறவரை அளப்பது பாடை கட்டுவதற்குத்தான். இல்லையென்றால் செய்வினை வைப்பதற்கு. அது எனக்கும் தெரியும். ஆனால் விழித்திருக்கிறவர்களிடம் போய், கொஞ்சம் நில்லுங்கள், அளக்க வேண்டும் என்று கேட்பது என்னால் ஆகாத காரியம். அப்பாவையும் அண்ணனையும் தூக்கத்தில்தான் அளந்திருந்தேன். அவர்கள் இருவரும் விழிக்கவில்லை.

அப்பா திருமலைக்கு வாதம் வந்து வலது கை காலும் பேச்சும் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. அண்ணன் துளசிராமன் கும்மிடிப்பூண்டியில் கம்பி உருட்டும் ஆலையில் வேலை பார்த்தான். அவன் ஷிப்டு முடிந்து வந்து தூக்கிக்கொண்டு போனால்தான் அப்பாவுக்குக் குளியலும் மற்றதும். பெண்கள் நாங்கள் தொட அப்பா விடமாட்டார். பகலில் நான் கொடுக்கும் தண்ணீரைக் குடிப்பதுபோல் வாங்கி, நான் திரும்பியதும் ஜன்னல் வழியாகக் கவிழ்த்துவிடுவார். குடித்தால் போக வேண்டியிருக்குமே. ஜன்னலுக்கு வெளியே அந்த ஓர் இடத்தில் மட்டும் புல் பச்சையாக இருந்ததைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது.

குளிக்கும் இடம் வீட்டுக்குப் பின்னால். இரண்டு படி இறங்கினால் கீற்று மறைப்புக்குள் ஒரு கருங்கல். கல்லைச் சுற்றித் தண்ணீர் தேங்கி எப்போதும் பாசி.

போன வருடம் மாசி மாதத்தில் அண்ணி அந்தக் கல்லில் வழுக்கினாள். அப்போது அவளுக்கு ஐந்தாம் மாதம். மறைப்புக்கு வெளியே நான் சுள்ளி பொறுக்கிக்கொண்டிருந்தேன். கீற்று இடுக்கில் பார்த்தேன். பொத்தென்று உட்கார்ந்தாள். யாராவது பார்த்தார்களா என்று சுற்றிலும் பார்த்தாள். எழுந்து, மிச்சத் தண்ணீரையும் ஊற்றிக்கொண்டு உள்ளே போனாள். மூன்றாம் நாள் கரு கலைந்தது. கண்ணு பட்டுவிட்டது என்றார்கள், எவளோ வைத்துவிட்டாள் என்றார்கள். அண்ணி வழுக்கியதைச் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால், பார்த்து நடக்கத் தெரியாதவள் பிள்ளையைத் தொலைத்தாள் என்று ஆயுசுக்கும் பேசியிருப்பார்கள். நானும் சொல்லவில்லை. என் நோட்டில் மட்டும் தேதி போட்டு ஒரு வரி எழுதினேன்.

இப்போது அவளுக்கு மறுபடியும் ஆறாம் மாதம். அதே கல்.

குளிக்க ஒரு நல்ல அறை கட்டலாம் என்று அண்ணனிடம் சொன்னால், ஏன் திடீரென்று என்று கேட்பான். அதற்குப் பதில் சொன்னால் அண்ணியைக் காட்டிக்கொடுத்ததாக ஆகும். அதனால் நோட்டில் கட்டினேன். உட்கார்ந்து குளிக்க ஒரு மேடை. எழுந்திருக்கும்போது பிடித்துக்கொள்ள, அப்பாவுக்கு இடக்கைப் பக்கம் ஒரு இரும்புக் குழாய். அண்ணிக்கு இன்னொன்று, கொஞ்சம் தாழ்வாக. குனியாமல் மொண்டு ஊற்றும் உயரத்தில் தொட்டி. ஒவ்வொருவருக்கும் தனி நூல், அடையாளத்துக்கு முடிச்சு. அப்பாவுக்கு ஒன்று, அண்ணனுக்கு இரண்டு, அண்ணிக்கு மூன்று.

நூலோடு நான் பிடிபட்ட மறுநாளே, சேதி கேட்டு அண்ணியின் அம்மா கெங்கம்மாள் ஆரணியிலிருந்து வந்துவிட்டாள். மடியில் எலுமிச்சம்பழமும் உப்பும் மிளகாயும் இருந்தன. வந்தவள் தண்ணீர்கூடக் குடிக்காமல் வீட்டைத் துழாவினாள். அப்பாவின் கட்டிலுக்கு அடியில் தவிட்டு டின் இருந்தது. அதற்குள் என் ஆறு நோட்டுகளும் முடிச்சுப் போட்ட நூல்களும் இருந்தன. நூலைப் பார்த்ததும் கையை உதறிக் கீழே போட்டாள். நோட்டைப் பிரித்தாள். மூஞ்சி இல்லாத மனித உருவங்கள், முழங்காலிலும் இடுப்பிலும் குறுக்குக் கோடு, பக்கத்தில் எண்கள், சுற்றிக் கட்டம்.

“கட்டம் போட்டு நம்பர் எழுதிக்கிறா பாரு. எந்திரம்டி இது. போன புள்ளைய முழுங்கினது யாருன்னு இப்பவாச்சும் புரிஞ்சுதா?”

கெங்கம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. ஐந்தாவது படித்த அண்ணியிடம் நோட்டைக் கொடுத்து வாசிக்கச் சொன்னாள். அப்பா கட்டிலில் படுத்தபடி இடக்கையால் சட்டத்தைத் தட்டிக்கொண்டே இருந்தார். அவர் என்ன சொல்ல வந்தார் என்று யாரும் கேட்கவில்லை.

அண்ணி எழுத்துக்கூட்டி வாசித்தாள். அப்பா முழங்கால் பதினேழு அங்குலம். மேடை பதினெட்டு. சிமெண்டு காயுமுன் தரையில் துடைப்பத்தால் கோடு இழுக்க வேண்டும், வழுக்காது. கெங்கம்மாளுக்கு இது போதவில்லை. முன்னால் என்ன இருக்கிறது பார் என்றாள். அண்ணி பக்கங்களைப் பின்னோக்கித் தள்ளினாள். எந்தப் பக்கம் வரப்போகிறது என்று எனக்குத் தெரியும். அவள் விரல் ஒரு வரிக்குக் கீழே போய் நின்றது. உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

“படிடி.”

“நம்பருதாம்மா. வெறும் நம்பரு.”

அத்தனையையும் கொளுத்த வேண்டும் என்று கெங்கம்மாள் மண்ணெண்ணெய் எடுக்க அடுப்பங்கரைக்குப் போனாள். அந்த நேரத்தில் அண்ணி அந்த ஒரு தாளைக் கிழித்து, நாலாக மடித்து இடுப்பில் செருகினாள். என்னைப் பார்த்தாள். நன்றி சொல்கிற பார்வை இல்லை அது. எத்தனை நாளாக இதை வைத்திருக்கிறாய் என்று கேட்கிற பார்வை.

முதல் ஷிப்டு முடிந்து அண்ணன் வந்ததால் நோட்டுகள் பிழைத்தன. மாமியார் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, என்னம்மா இது என்று என்னைக் கேட்டான். நான் ஒரு முடிச்சு நூலையும் அடுப்புக்கரியையும் எடுத்துக்கொண்டு பின்சுவருக்குப் போனேன். நூலைப் பிடித்து முழங்கால் உயரத்தில் ஒரு கோடு போட்டேன். இடுப்பு உயரத்தில் ஒன்று. பிறகு வலது கையை அப்பாவைப்போல் தொங்கவிட்டு, இல்லாத மேடையில் உட்கார்ந்து, இல்லாத குழாயை இடக்கையால் பிடித்து எழுந்து காட்டினேன். அண்ணன் குனிந்து அந்தக் கோடுகளைத் தொட்டுப் பார்த்தான். மூன்று முடிச்சு நூல் எதற்கு என்று கேட்டான்.

அண்ணி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவள் கை இடுப்புக்குப் போயிற்று.

“மாசமா இருக்கிறவங்களால குனிய முடியாது,” என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

அண்ணனுக்கு அது போதுமாக இருந்தது. கெங்கம்மாள், இதெல்லாம் நடிப்பு என்று சொல்லிவிட்டு, ஏழாம் மாதம் வந்ததும் மகளைக் கூட்டிப்போவதாகச் சொல்லி ஊருக்குப் போனாள்.

அறை கட்ட பூவராகவன் மேஸ்திரி வந்தார். ஒவ்வொன்றுக்கும் அவருக்கு ஒரு கிண்டல். படி வேண்டாம், சரிவாக வேண்டும் என்றதற்கு, மாட்டுக்கொட்டாயா கட்டுகிறோம் என்றார். வாசலில் தடுப்புக்கட்டை வேண்டாம் என்றதற்குக் கொஞ்சம் பயந்தார். நிலைப்படி இல்லாத வாசலில் எதுவும் உள்ளே வந்துவிடும் என்றார். கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும் என்று நோட்டைக் காட்டியபோது உட்கார்ந்தேவிட்டார்.

“ஊருல எல்லா ஊட்டுக் கதவும் உள்ள தொறக்குது பாப்பா. உனுக்கு மட்டும் இன்னா வெளிய?”

உள்ளே விழுந்தவர் கதவை அடைத்துக்கொண்டு கிடந்தால் எப்படித் தள்ளித் திறப்பது என்று அண்ணன்தான் எனக்காக விளக்கினான். தாழ்ப்பாளுக்கு ஒரு கயிறு கட்டி, அவசரத்துக்கு வெளியிலிருந்து இழுத்துத் திறக்கும்படி செய்தார்கள். அண்ணி அதைப் பார்த்துவிட்டாள். சாயங்காலம் அண்ணனிடம் அவள் சொன்னது எனக்கும் கேட்டது.

“நான் அதுல குளிக்க மாட்டேன். உன் தங்கச்சி எட்டிப் பாக்கிறவ.”

அண்ணன் சிரித்தான். அவனுக்குப் புரியவில்லை.

அறை முடிந்த அன்று அப்பா இடக்கையால் சுவரைப் பிடித்து, வலது காலை இழுத்துக்கொண்டு சரிவில் தானாக இறங்கிப் போனார். ஒரு மணி நேரம் வெளியே வரவில்லை. அண்ணன் கயிற்றில் கை வைத்துக்கொண்டு வெளியே நின்றான், ஆனால் இழுக்கவில்லை. தலை துவட்டியும் துவட்டாமலும் வந்து கட்டிலில் உட்கார்ந்தவர், சொம்பைக் காட்டித் தண்ணீர் கேட்டார். இரண்டு சொம்பு குடித்தார்.

அண்ணி கல்லிலேயே குளித்தாள். கல்லை எடுத்துவிடுகிறேன் என்று அண்ணன் சொன்னதற்கு அழுதாள். நான் காலையில் அவள் எழுவதற்கு முன் செங்கல்லால் பாசியைத் தேய்த்து வைத்தேன். இரண்டு நாளில் கண்டுபிடித்துவிட்டாள். நான் கல்லில் எதையோ தடவுகிறேன் என்று நினைத்தாளோ என்னவோ, முதலில் உப்பு தூவினாள். பிறகு கல் காலில் படாமல் இருக்க ஒரு கோணிப்பையை மடித்து அதன்மேல் போட்டாள். நனைந்த கோணி கல்லைவிட மோசமாக வழுக்கும். அதை எப்படிச் சொல்வது? நான் சொன்னால் அது அவள் காலைக் கல்லில் பட வைக்கும் இன்னொரு தந்திரமாகத்தான் அவளுக்குக் கேட்கும். குளிக்கும் சத்தம் நிற்கும் வரை தினமும் பின்வாசலில் முதுகைக் காட்டி நின்றேன்.

நாலாம் நாள் சொம்பு உருளும் சத்தம் கேட்டுத் திரும்பினேன். கோணி நகர்ந்து அவள் ஒரு காலில் மடங்கி, மறைப்புக் கம்பைக் கட்டிக்கொண்டு நின்றாள். விழவில்லை. நான் ஓடிப்போய்க் கை நீட்டினேன். அவள் கம்பை விட்டாளில்லை. மூச்சு வாங்க என்னைப் பார்த்தாள்.

“போ. போய் இதையும் எழுதிக்கோ.”

நான் எழுதவில்லை. எழுதவில்லை என்று அவளுக்கு எப்படித் தெரியப்படுத்துவது என்றும் தெரியவில்லை. அந்த நோட்டை எடுத்து அவள் தலையணைமேல் வைத்தேன். மத்தியானம் பார்த்தபோது அது மறுபடியும் என் டின்மேல் கிடந்தது. பிரித்தாளா, பிரிக்காமலே வைத்தாளா, யாருக்குத் தெரியும்.

வளைகாப்புக்குக் கெங்கம்மாள் முந்தின நாளே சீர்த் தட்டுகளோடு வந்தாள். என்னை வளையல் தட்டைத் தொட விடவில்லை. நானும் அடுப்பங்கரையிலேயே இருந்துகொண்டேன். சந்திரகலா, சந்திரகலா என்று கூடத்தில் பெண்கள் அண்ணியைக் கூப்பிட்டுச் சிரிக்கும் சத்தம் கேட்டது.

அன்று காலையில் அப்பாவுக்கு வெந்நீர் வைக்கப் புது அறைக்குப் போனபோது தரை ஏற்கெனவே நனைந்திருந்தது. தாழ்வாக இருந்த குழாயில் மஞ்சள். சுற்றிப் பிடித்த ஐந்து விரல்களும் அப்படியே பதிந்திருந்தன. அன்று அதுவரை நான் குளிக்கவில்லை, கெங்கம்மாள் மஞ்சள் பூசுவதை விட்டுப் பத்து வருடம். திருஷ்டி கழிக்க மஞ்சள் தண்ணீர் தெளித்திருப்பார்களோ என்றும் பார்த்தேன். சுவரில் ஒரு துளிகூட இல்லை. வெந்நீரைத் தொட்டியில் மெல்ல ஊற்றினேன், குழாயின்மேல் படாமல்.

பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீடு போகிறவள் போய்வருகிறேன் என்று சொல்லக் கூடாது. அது எங்கள் வழக்கம். யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல்தான் கிளம்ப வேண்டும். ஜட்கா வந்து நின்றதும் கெங்கம்மாள் அதை எல்லோருக்கும் கேட்கும்படி இன்னொரு தடவை சொன்னாள். அண்ணன் பெட்டியை ஏற்றினான். நான் கதவோரம் நின்றேன். கை நிறைய வளையல்களோடு அண்ணி என்னைக் கடந்து போனாள். ஒரு நொடி நின்றாள் என்று எனக்குத் தோன்றியது. புடவை கதவில் மாட்டியதால் நின்றிருக்கலாம்.

பிறகு ஒரு கையால் வண்டிச் சட்டத்தைப் பிடித்து ஏறி உட்கார்ந்து, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, ஒரு வார்த்தையும் சொல்லாமல் போய்விட்டாள்.