ஆறு இருக்க வேண்டிய இடத்தில் எட்டு

மச்சான் ஒரு கடிதத்தை அச்சகக்காரரின் மேசைமேல் போட்டார். மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். தண்ணீர் மோட்டார் உதிரி பாகங்கள் விற்கிறவர். கடை திறந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது.

"வரி ஆபீஸ்ல இருந்து வந்திருக்கு மாப்ள. பில்லுல நான் போட்டிருக்கற வரி நம்பர் என்னோடது இல்லையாம். நாளைக்கு நேர்ல வரணுமாம். பதிவு பண்ணிக் குடுத்தானே ஒரு ஏஜென்ட், அவன் வேலைதான் இது. சும்மா விடமாட்டேன்."

அந்த பில் புத்தகங்களை அடித்துக் கொடுத்தவர் அச்சகக்காரர். மச்சான் போனதும் பதிவுச் சான்றிதழின் நகலைத் தேடி எடுத்து, பில்லோடு ஒவ்வோர் இலக்கமாக ஒப்பிட்டார். ஒன்பதாவது இலக்கத்தில் விரல் நின்றது. சான்றிதழில் ஆறு. பில்லில் எட்டு.

அந்த எட்டு போட்ட நம்பர் வேறு யாருடையதோ? எங்கோ ஒரு வியாபாரி, தான் விற்காத பாகங்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பானோ? அச்சடித்த தன்னைப் பிடித்து உள்ளே வைத்துவிடுவார்களோ?

"அண்ணன்கிட்ட இப்பவே சொல்லிடுங்க" என்றாள் மனைவி.

"சொன்னா தோலை உரிச்சிடுவாரு."

அன்று அவர் சொல்லவில்லை.

மறுநாள் அச்சகக்காரர் வரி அலுவலகத்துக்குப் போனபோது, மச்சான் ஏஜென்டையும் அங்கே இழுத்து வந்திருந்தார். ஒல்லியான மனிதர். பெஞ்சின் நுனியில் உட்கார்ந்து, "நான் ஒழுங்காத்தான் பண்ணேன் சார்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. அச்சகக்காரர் அந்த முதுகையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அதிகாரி அம்மாள் கூப்பிட்டதும் அச்சகக்காரர் முந்திக்கொண்டார். "தப்பு என்னோடதும்மா. ஆறை எட்டா அடிச்சிட்டேன். இது யாரோட நம்பரோ தெரியல..."

அதிகாரி கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தார். "யாரோடதும் இல்ல. முன்னாடி இருக்கற இலக்கங்களை வெச்சுக் கணக்குப் போட்டுத்தான் கடைசி இலக்கம் வருது. நடுவுல ஒண்ணு மாறினா அது ஒத்துப்போகாது. இப்படி ஒரு நம்பர் எந்தக் கடைக்கும் குடுத்திருக்க முடியாது. வாங்கினவங்களுக்கெல்லாம் சரியான நம்பரோட வேற பில் குடுங்க. அபராதம் உண்டா இல்லையான்னு கடிதம் வரும்."

ஏஜென்ட் எழுந்தார். யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே நடந்தார்.

படியிறங்கும்போது மச்சான் கேட்டார்: "நேத்தே தெரியுமா மாப்ள?"

"தெரியும்."

"வர்ற வழியில அந்த ஆளை அடிக்கக் கை ஓங்கிட்டேன்."



பதினைந்து நாள் அச்சகக்காரர் சரியாகத் தூங்கவில்லை. தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டாலே வாசலுக்கு ஓடினார். வந்த கடிதத்தில் எச்சரிக்கை மட்டும்தான் இருந்தது. புதுப் புத்தகங்களையும் மச்சான் அவரிடமே அடிக்கக் கொடுத்தார். ஆனால் வேலை முடியும்வரை மிஷின் பக்கத்தில் நாற்காலி போட்டு, சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.