நாற்பத்துநான்கு காலடிகள்

லீட்ஸ் நகரத்து ஹாதார்ன் கோர்ட்டில் ஒவ்வோர் ஆண்டும் மார்ச் இருபத்தைந்தாம் தேதி காலையில் ஒரு படி குறைந்துவிடும். கட்டிடத்தின் உயரம் குறையாது. மிச்சமுள்ள படிகள் அந்த உயரத்தைத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்ளும். குத்தகையைத் தொண்ணூற்றொன்பது ஆண்டுக்கு எழுதியபோது தொண்ணூற்றொன்பது படிகள் இருந்தன, பூனைக்குட்டிகூட ஏறியது. வீட்டை விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் அடிமனை ஒரு கம்பெனியுடையது. கடைசிப் படி போகிற அன்று வீடும் அதனிடம் போய்விடும் என்று ஒன்பது வீட்டாருக்கும் தெரியும். வீடு பார்க்க வருகிறவர்கள் படிகளை எண்ணியபடி ஏறுவார்கள், வாங்காமல் இறங்கிப் போவார்கள்.

நாற்பத்துநான்கு படிகள் இருந்த ஆண்டில் மேல்மாடி கேலமின் மனைவி பிரைடி இறந்தாள். வயது முப்பத்தொன்று. அடக்கம் முடிந்த திங்கட்கிழமை மாலை ஐந்தரைக்கு, அவள் வேலை விட்டு வரும் நேரத்தில், அவளுடைய காலடிகள் படியேறி வந்தன. ஆள் இல்லை. காலடிகள் வீட்டுக் கதவருகே நின்றன. கேலம் கதவைத் திறக்கவில்லை, எண்ணினான்: நாற்பத்துநான்கு. மறு ஆண்டு ஒரு படி போயிற்று, காலடிகள் குறையவில்லை. இல்லாத படியில் அவள் கால் வைக்கும் ஓசை மட்டும் சற்று ஈரமாகக் கேட்கும். எதிர்வீட்டுக் கிழவி மோரீன் குரல் கொடுப்பாள்: "கேலம், உன் வீட்டம்மா வந்துட்டா. டீயப் போடு."

படிகள் முப்பத்தெட்டு ஆனபோது மோரீனால் இறங்க முடியவில்லை. ரொட்டியும் பாலும் கயிறு கட்டிய கூடையில் சன்னல் வழியே மேலே போயின. அந்தக் கோடையில்தான் கீழ்வீட்டுப் பேருந்து ஓட்டுநர் டெஸ்மண்ட் படிவங்களோடு வந்தார். குத்தகையை ஒழித்துவிட்டு காமன்ஹோல்டுக்கு மாறலாம். வீடு காலக்கெடு இல்லாமல் அவரவருக்கு. சுவரும் கூரையும் படியும் எல்லாருக்கும் பொது. கம்பெனி சம்மதித்துவிட்டது. வீட்டு உரிமைப் பதிவேட்டில் பெயருள்ள ஒவ்வொருவரும் கையெழுத்திட்டால் போதும். கேலம் வீட்டுக்குப் பதிவேட்டில் இரண்டு பெயர்கள். இறப்புச் சான்றிதழை அனுப்பினால் பிரைடியின் பெயர் நீங்கிவிடும். ஆறு ஆண்டுகளாக அவன் அனுப்பவில்லை. பெயர் போனால் காலடியும் போய்விடும் என்று பயந்தான். படிவம் எட்டு மாதம் ரொட்டிப் பெட்டியின் மேல் கிடந்தது.

மார்ச் பிறந்ததும் டெஸ்மண்ட் மூச்சிரைக்க ஏறி வந்தார்.

"உன் ஒருத்தனுக்காக எட்டு வீடு காத்துக் கெடக்குப்பா. இன்னும் ஒரு படி போனா என்னாலயும் இங்க ஏற முடியாது. மோரீன் பாராசூட்லதான் எறங்கணும்."

"தெரியும்."

"தெரிஞ்சு என்ன புண்ணியம்?"

எதிர்க்கதவு திறந்தது. "அவன ஏன்யா பிடுங்குற?" என்றாள் மோரீன். "கேலம், அவ பேர நீ ஏன் எடுக்கற? அவகிட்டயே நீட்டு. தெனம் வாசல் வரைக்கும் வர்றவ ஒரு கையெழுத்துக்கு உள்ள வரமாட்டாளா? நீ கதவத் தொறந்தாத்தானே!"

மறுநாள் ஐந்தேகாலுக்குப் படிவத்தைச் சமையலறை மேசையில் விரித்து, பேனாவை மேலே வைத்து, கதவைத் திறந்து விட்டுவிட்டு, கேலம் மோரீன் வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தான். நாற்பத்துநான்கு காலடிகள் வந்தன. பிறகு ஐந்து காலடிகள் உள்ளே போயின. நாற்காலி இழுபடும் ஓசை கேட்டது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு போய்ப் பார்த்தபோது அவளுடைய சாய்ந்த எழுத்தில் கையெழுத்து இருந்தது. வழக்கம்போல் தேதி போட மறந்திருந்தாள். அவன் போட்டான். மோரீன் சாட்சிக் கையெழுத்திட்டாள். பதிவு அலுவலகம் அஞ்சல் குறியீட்டைத் தெளிவாக எழுதச் சொன்னதோடு சரி.

அந்த மார்ச் இருபத்தைந்தில் எந்தப் படியும் போகவில்லை. படிகள் பழையபடி தாழ்ந்திருந்தன. எத்தனை என்று மட்டும் யாராலும் சொல்ல முடியவில்லை. டெஸ்மண்டுக்கு அறுபத்தெட்டு வந்தது, திரும்ப எண்ணியபோது தொண்ணூறு. மோரீன் எண்ணாமல் இறங்கிப் போய் மீன் வறுவல் வாங்கி வந்தாள்.

மாலை ஐந்தரைக்குப் பிரைடி ஏறி வந்தாள். கேலம் எண்ணவில்லை. கதவு திறந்தே இருந்தது.