மூடிக்கு ஒரு பானை

...உளியின் முதுகு முதலில் மரத்தைத் தொட வேண்டும், அப்புறம்தான் வாய், அவ்வளவுதான் வித்தை என்று போனில் வரும் அந்த வீடியோக்காரர் சொல்கிறார், சொல்வதற்கென்ன, அவர் கையில் உளி சொன்ன பேச்சைக் கேட்கிறது, என் கையில்தான் முறைத்துக்கொள்கிறது, மெதுவாக, ருவொமுஷானா, மெதுவாக என்று எனக்கே சொல்லிக்கொள்கிறேன், முழங்கையை இடுப்போடு ஒட்டு, மூச்சை அடக்காதே, மூச்சை அடக்கினால் தோள் இறுகும், தோள் இறுகினால் உளி குத்தும், குத்தினால் ஐந்தாவது பானையின் கதிதான் இதற்கும், அது கடைசல் எந்திரத்திலிருந்து எகிறிச் சுவரில் மோதிப் பிளந்த சத்தத்தில் பக்கத்து வீட்டுக் கோழிகள் அன்றைக்கு முட்டையே போடவில்லையாம், அந்த அம்மாள் சொல்லி அனுப்பினாள், பொய்யாகத்தான் இருக்கும், இருந்தாலும் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தேன்... இது ஆறாவது பானை. இன்று புதன்கிழமை. சனிக்கிழமை என் மகள் கொபுசிங்கேயைப் புருஷன் வீட்டுக்கு அனுப்புகிறோம், பசுக்களோடு ஒரு பால் பானையும் அவள்கூடப் போக வேண்டும், பானைக்கு மூடி தயாராக இருக்கிறது, பதினாலு மாதமாகத் தயாராக இருக்கிறது, பானைதான் இல்லை.

யாரிடம் சொன்னாலும் சிரிக்கிறார்கள். மரத்தைக் குடைந்து, காயவைத்து, புல் புகை காட்டி, அதற்கப்புறம் கழுத்தை அளந்துதான் எங்கள் பெண்கள் கூம்பு மூடி பின்னுவார்கள், எங்கள் அங்கோலே சீமையில் என்றைக்கும் அதுதான் வரிசை. என் மனைவி பொனபானா அதை மாற்றினாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி, பானையே இல்லாமல், புல்லை நாரால் சுற்றிச் சுற்றிப் பின்னி முடித்தாள், கறுப்புக் கோடு வளைந்து ஏறி உச்சியில் ஒரு சின்னக் குடுமியில் போய் முடிகிறது, முடித்த அன்று என்னிடம் நீட்டி, "இதுக்கு ஒரு பான பாத்துடுங்க" என்றாள், கடைக்குப் போகிறவனிடம் உப்பு வாங்கிவரச் சொல்கிற குரலில். சரி என்றேன். வேறு என்ன சொன்னேன்? ஏதாவது சொல்லியிருப்பேனே... அந்த மாதம் முழுக்க நான் இசிங்கிரோ ஊரில் அண்ணன் தம்பி இரண்டு பேரின் எல்லைத் தகராறுக்கு நிலம் அளந்துகொண்டிருந்தேன், சாயங்காலம் வருவேன், சோடா பாட்டில் வாங்கி வருவேன், கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டு அந்தத் தம்பிக்காரன் கல்லை நகர்த்தி வைத்த கதையைச் சொல்வேன், அவள் சிரிப்பாள், பின்னுவாள், நான் போய்விடுவேன். பகலும் ராத்திரியும் கூட இருந்தவள் கொபுசிங்கே. அம்மா போனதற்கப்புறம் அவள் என்னிடம் பேசுவது சாப்பிட்டீங்களா, மாத்திர போட்டீங்களா, அவ்வளவுதான், கோபமும் இல்லை, கோபம் இருந்தால் தேவலை. கல்யாணம் பேசின அன்றைக்கு மட்டும் ஒன்று சொன்னாள். "அம்மா மூடி போட்ட பானைன்னா குடுங்கப்பா. இல்லன்னா எனக்குப் பானையே வேணாம்."

ம்பராரா சந்தையில் இருக்கிற பானை எல்லாவற்றிலும் அந்த மூடியை வைத்துப் பார்த்தேன், ஒன்றில் வழுக்கி விழுந்தது, ஒன்றில் ஏறவே இல்லை, பானை குடைகிறவர் என்னை மேலும் கீழும் பார்த்து, "தொப்பிய வாங்கிட்டு அதுக்கு ஏத்த தலையத் தேடுறீங்களே ஐயா" என்றார், பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள், அந்த எரிச்சலில்தான் மாற்றலாகிப் போன பள்ளிக்கூடத்துத் தச்சு வாத்தியாரிடம் இந்தக் கடைசல் எந்திரத்தை வாங்கினேன், சின்னது, மேஜையிலேயே அடங்கிவிடும். முப்பத்தொரு வருஷம் நிலம் அளந்தவனுக்கு ஒரு கழுத்தை அளந்து கடையத் தெரியாதா என்று நினைத்தேன். தெரியவில்லை. காலையில் ஜெனினா அக்கா விருந்துக்கு நெய் எவ்வளவு உருக்குவது என்று கேட்கிற சாக்கில் வந்து, மரச்சுருளை எல்லாம் காலால் தள்ளிக்கொண்டு நின்று, "டேய் தம்பி, ஊரான் நிலத்தையெல்லாம் அளந்து குடுத்தவன், பொண்டாட்டி பின்னின மூடிய அளக்கத் தெரியலையாடா ஒனக்கு? விடு, நான் ரெண்டு நாள்ல புதுசு பின்னித் தர்றேன், மாப்ள வீட்டுக்காரங்க மூடிய முகர்ந்தா பாக்கப் போறாங்க" என்றாள், நான் எந்திரத்தைப் போட்டேன், அந்தச் சத்தத்தில் அவள் வாய் மட்டும் அசைந்தது.

ஆனால் இந்த ஆறாவது பானை நன்றாக வந்திருக்கிறது... கையைக் கழுத்தின் மேல் லேசாக வைத்தால் சுற்றுவதே தெரியவில்லை, வழவழவென்று, தோளிலிருந்து கழுத்து ஏறுகிற அந்த வளைவு எனக்கே பிடித்திருக்கிறது, முதல் பானையைக் கடைந்தபோது நான் இப்படியா இருந்தேன், அக்கா தோட்டத்தில் காற்றில் விழுந்த பச்சை மரம் அது, உளி பட்டதும் தண்ணீர் என் மூக்குக்கண்ணாடியில் தெறித்தது, மரம் என்னைத் துப்புகிறது என்று நினைத்தேன், கழுத்தை நாலு அங்குலம் விட்டுவிட்டேன், பானையின் தோளில் உளி குத்தி ஒரு பள்ளம், அடி உரல் மாதிரி கனம், நாலே நாளில் காய்ந்து சுருங்கி, வட்டம் நசுங்கிக் கோணிக்கொண்டது, காலால் மேஜைக்கு அடியில் தள்ளினேன். அதற்கப்புறம் மில்லில் அறுத்துக் காய்ந்த மரம் மட்டும்தான். சரி, நிறுத்து. அகலம் அளக்கக் காலிப்பர். மூடியின் விளிம்பில் பொனபானா போட்ட கடைசி முடிச்சு, அதிலிருந்து எதிர்ப்பக்கம், மூன்றே முக்கால் அங்குலம். கழுத்தும் மூன்றே முக்கால். வை. மெல்ல... இறுகுகிறது. இறங்கவில்லை. ஒரு மயிரிழை எடு, வை, இறுகுகிறது, இன்னும் ஒரு மயிரிழை, வை. இறங்கிவிட்டது. விரலால் தட்டினால் ஆடுகிறது. இந்தப் பக்கம் கெட்டியாக இருக்கிறது, அந்தப் பக்கம் ஆடுகிறது, இதுவரை மூடி வைத்துப் பார்த்த பானை எல்லாவற்றிலும் இதே கதை, உளியை வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தேன், அழுகை வந்தது என்பதை ஒத்துக்கொள்கிறேன், அறுபத்திரண்டு வயதில் ஒரு மூடிக்காக.

கொபுசிங்கே எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. இஞ்சி போட்ட பால் டீயை உளிகளுக்கு நடுவில் இடம் பார்த்து வைத்தாள். மூடியைத் தூக்கினாள், வைத்தாள், தட்டினாள், ஆடியது. "இது உக்காராதுப்பா" என்றாள். இன்னும் கொஞ்சம் செதுக்கினால் உக்காரும், என் கைதான் சரியில்லை என்றேன். "ஒங்க கை இல்லப்பா. மூடி வட்டமா இல்லியே." நான் அவளைப் பார்த்தேன். "அம்மாவுக்கு மூணு விரல் மடங்கவே இல்லியே கடைசில, அந்தப் பக்கம் இழுத்துப் பின்ன முடியல, தொளதொளன்னு போயிடுச்சு. ஒங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன். தெரிஞ்சுதான் இவ்ளோ கஷ்டப்படுறீங்கன்னு..." தெரியும் என்பதுபோல் தலையாட்டினேன். ஏன் ஆட்டினேன்? காலிப்பரை எடுத்து முடிச்சிலிருந்து வைக்காமல் குறுக்கே வைத்தேன், மூன்றரை. கால் அங்குலம். அளக்கும்போதெல்லாம் எல்லைக் கல்லில் ஆரம்பிப்பதுபோல் அந்த முடிச்சிலேயே ஆரம்பித்திருக்கிறேன், மூன்று வாரம், ஒருமுறைகூடச் சுற்றி வரவில்லை, ஆஸ்பத்திரியிலும் அதே கால்மாடு, ஒருமுறைகூடச் சுற்றி வரவில்லை. இந்த எந்திரமோ வட்டத்தைத் தவிர வேறு எதையும் தராது, நூறு பானை கடைந்தாலும் அவள் மூடி அதில் உட்காராது.

"தண்ணில ஊறவெச்சு இழுத்தா வட்டமா வந்துடும்னு ஜெனினா அத்தை சொல்றாங்க" என்றாள், சொல்லிவிட்டு மூடியை வயிற்றோடு அணைத்துக்கொண்டாள், ஊறவைக்கத் தர மாட்டாள் என்று தெரிந்தது, நானும் கேட்கமாட்டேன். அப்போதுதான் அவள் கால் மேஜைக்கு அடியில் எதிலோ இடித்தது. குனிந்து இழுத்தாள், முதல் பானை, சிலந்திவலையும் மரத்தூளுமாக. "இது என்னப்பா, உரலா?" என்றாள், பதினாலு மாதத்தில் என்னிடம் அவள் செய்த முதல் கேலி. கோணிப்போச்சும்மா, பச்சை மரம், போடு அதை என்றேன். அவள் போடவில்லை. பாவாடையால் கழுத்தைத் துடைத்தாள், மூடியை வைத்தாள், நிற்கவில்லை, கொஞ்சம் திருப்பினாள், இன்னும் கொஞ்சம், நான் எழுந்து நின்றுவிட்டேன், கால் சுற்று திரும்பியதும் கோணலும் கோணலும் பொருந்தி மூடி தானாக இறங்கியது. தட்டினாள். ஆடவில்லை. கவிழ்த்தாள். விழவில்லை.

"இதையே குடுங்க." பள்ளம் இருக்கிறதே, கனமாக இருக்கிறதே, மாப்பிள்ளை வீட்டார் முன்னால் உன் அத்தை என்னை நார் நாராகக் கிழிப்பாளே என்றேன். "கிழிக்கட்டும்" என்று பானையை மடியில் வைத்துக்கொண்டு என் ஸ்டூலில் உட்கார்ந்தாள். சனிக்கிழமைக்குள் புகை காட்டிவிடலாம், பள்ளத்தைத் தேய்க்கலாம், தேய்க்காமலும் விடலாம், காரியம் முடிந்தது, நான் சந்தோஷப்பட வேண்டும், சந்தோஷம்தான்... ஆனால் மூடியின் ஒரு பக்கம் இறுகியும் மறுபக்கம் தளர்ந்தும் இருப்பது இப்போது எனக்குப் பளிச்சென்று தெரிகிறது, தெரிந்துவிட்டபின் வேறு எதுவும் கண்ணில் படவில்லை, பொனபானா என்னிடம் மூடியை நீட்டினாளே, எந்தக் கையால் நீட்டினாள், நான் வாங்கினேனே, அந்தக் கை என் கையில் பட்டிருக்குமே, எத்தனை யோசித்தும் அந்தக் கை நினைவுக்கு வரவில்லை, சோடா பாட்டில் வருகிறது, இசிங்கிரோ வருகிறது, அந்தத் தம்பிக்காரனின் மூஞ்சிகூட வருகிறது. தெரியும் என்று தலையாட்டியாகிவிட்டது, அப்படியே விட்டுவிடலாம், மூன்று நாளில் மகள் போய்விடுவாள், டீ ஆறிக்கொண்டிருக்கிறது.

"அம்மாவுக்கு மடங்காதது எந்தக் கைம்மா?" என்று கேட்டேன்.

அவள் பானையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.