மணிக்கூண்டு தூங்குகிறது

இவர்களில் யாருக்காவது ஒன்றுக்கு வருவதற்குள் நான் மேலே ஏறிவிட வேண்டும்.

மணிக்கூண்டைச் சுற்றி வளைந்து நின்ற வரிசையில் அவள் இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். வாய்விட்டுச் சொல்லவில்லை. சொன்னால் அந்த நிமிடமே சின்னவனுக்கு வந்துவிடும்.

அந்த நகரத்தின் முகமே இந்த மணிக்கூண்டுதான். சாக்லேட் டப்பா, குடை, சாவிக்கொத்து, எதைத் திருப்பினாலும் அதன் படம் இருக்கும். கல்யாணமாகி இங்கே வந்ததிலிருந்து விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு எத்தனையோ முறை வந்திருக்கிறாள். ஒரு முறைகூட மேலே போனதில்லை. ஒரு தடவை நிறைமாதம். ஒரு தடவை கைக்குழந்தை. ஒரு தடவை தள்ளுவண்டிக்குக் காவல். கணவன்தான் ஒவ்வொருவரோடும் ஏறி இறங்குவான். மேலே எப்படி இருந்தது என்று கேட்டால், "செம காத்து" என்பான். இத்தனை வருடத்தில் அவன் கொண்டுவந்த தகவல் அவ்வளவுதான்.

அவளுக்குத் துணிக்கடையில் வேலை. வாங்கிய பேன்ட்டையும் பாவாடையையும் ஆளின் உயரத்துக்கு மடித்துத் தைத்துக் கொடுப்பாள். நாள் முழுக்க மண்டியிட்டு, வாயில் குண்டூசியோடு, அடுத்தவர் கணுக்காலைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிழைப்பு. இந்த ஊர்க்காரர்களைக் கணுக்காலை வைத்தே அடையாளம் சொல்லிவிடுவாள். மணிக்கூண்டிலும் அவளுக்குத் தெரிந்தது கணுக்கால்தான். அடிப்படியில் ஒட்டிக் காய்ந்துபோன சூயிங்கம் உட்பட. எல்லோருடைய தலையையும் ஒரே ஒரு தடவை மேலேயிருந்து பார்க்க வேண்டும். மற்றவர்கள் வீடு, கார் என்று ஆசைப்படும்போது, தன் ஆசை இப்படி உச்சந்தலைகளாக இருப்பதில் அவளுக்குக் கொஞ்சம் கூச்சம் உண்டு.

இந்த முறை வழி பிறந்திருந்தது. வந்திருப்பது கணவனின் அக்கா, அவளுக்கு அண்ணி. அவருக்கு முட்டிவலி.

"நீ போயிட்டு வாம்மா. மேல என்ன பெரிசா இருக்கப் போகுது, ஆனாலும் போயிட்டு வா. இதுங்களை நாங்க பாத்துக்கறோம்," என்று அண்ணி காலையிலேயே சொல்லிவிட்டார். உள்ளே படி செங்குத்து. சின்னக் குழந்தைகளை விடமாட்டார்கள்.

பெரியவளுக்கு ஐந்து வயது. யார் எங்கே நிற்க வேண்டும் என்று எப்போதும் அவளே சொல்வதால் வீட்டில் அவள் பெயர் மேஸ்திரி. சின்னவன் உருண்டை. அவன் மணிக்கூண்டைப் பார்க்கவே இல்லை. சாக்கடை மூடியின் ஓட்டைக்குள் எட்டிப் பார்த்து, உள்ளே இருக்கும் யாரையோ நலம் விசாரித்துக்கொண்டிருந்தான். மேஸ்திரிதான் அண்ணாந்து பார்த்துவிட்டுக் கத்தினாள்.

"அப்பா! எவ்ளோ பெரிசு! அப்பா! அப்பாஆஆ!"

"உஷ்," என்றான் கணவன். "மெதுவா கண்ணு. மணிக்கூண்டு தூங்குது."

அவர்கள் வீட்டில் எதையும் இல்லை என்று சொல்வதில்லை. தூங்குகிறது என்றுதான் சொல்வார்கள். பிஸ்கட் டப்பா தூங்கும். டிவி தூங்கும். மழை நாளில் பூங்காவின் சறுக்குமரம்கூடத் தூங்கும். அழுகையில்லாமல் காரியம் நடந்தது. ஆனால் மேஸ்திரி இந்தச் செய்தியை வெளியாட்களுக்கு எடுத்துப் போனது இதுவே முதல் முறை.

அவள் வரிசையில் நின்றவர்களை ஒவ்வொருவராகச் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "மெதுவா பேசுங்க. தூங்குது." சிரித்தார்கள்; ஆனால் மெதுவாகச் சிரித்தார்கள். போன்களின் வாயை அடைத்தார்கள். சிப்ஸ் தின்றுகொண்டிருந்த தடித்த மனிதரிடம், "கடிக்காதீங்க, சப்புங்க," என்றாள். அவரும் சப்பினார்.

அண்ணிக்கு மட்டும்தான் கஷ்டம்.

"எனக்கு ரகசியம் பேச வராதேடா தம்பி," என்று அவர் ரகசியமாகச் சொன்னதில் புறாக்கள் பறந்தன.

"அத்தை, நீங்க பேசவே பேசாதீங்க," என்றாள் மேஸ்திரி.

அண்ணி வாயைப் பொத்திக்கொண்டார். "அக்கா வீட்டு மாமாவாலயே முடியாதது," என்று கணவன் அவள் காதில் முணுமுணுத்தான். அண்ணி அவன் முதுகில் ஒன்று வைத்தார், சத்தமில்லாமல்.

கடைசியாக வாசல் காவலாளியும் மேஸ்திரிக்குப் பணிந்தார். ஒலிபெருக்கியை இறக்கி வைத்துவிட்டு, "அடுத்த குழு வரலாம்," என்று குசுகுசுத்தார். யாருக்கும் கேட்கவில்லை. யாரும் நகரவில்லை. மறுபடியும் குசுகுசுத்தார். மறுபடியும் எல்லோரும் மரியாதையாக அமைதி காத்தார்கள். ஒரு பொய்க்கு இத்தனை பேர் இவ்வளவு ஒழுங்காக நடந்து அவள் பார்த்ததில்லை; அதுவும் தன் வீட்டுப் பொய்க்கு. கடைசியில் அவர் கைகளை வீசிக் கூப்பிட்டார், கோழி விரட்டுவதுபோல. வரிசை நகர்ந்தது.

அவள் வாசலுக்கு வந்துவிட்டாள்.

"இன்னிக்கு இதுதாங்க கடைசிக் குழு," என்று காவலாளி அவள் காதருகே சொன்னார். "உள்ள போனதும் பூட்டிடுவேன்."

அப்போது உருண்டை தும்மினான். அதே நொடியில், தலைக்கு மேலே, மணி அடித்தது.

மணிக்கூண்டு என்றால் மணி அடிக்கும் என்பது அந்தக் குடும்பத்தில் ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. கல்தரையே அதிர்ந்தது.

"முழிச்சிடுச்சு!" மேஸ்திரி அலறினாள். "இவன் தும்மினான்! இவன்தான் எழுப்பிட்டான்!"

"நான் எழுப்பல! மூக்குதான் எழுப்புச்சு!" உருண்டையும் அழ ஆரம்பித்தான்.

"பொறந்ததுலேர்ந்து இவனுக்குச் சளிதான்," என்றார் அண்ணி, அடக்கி வைத்த குரல் மொத்தத்தையும் சேர்த்து.

மேஸ்திரி ஓடிவந்து அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டாள். "அம்மா, தூங்க வை! தட்டிக் குடும்மா, அது பயந்துடுச்சு!"

வரிசை முழுக்க அவளையே பார்த்தது. சிப்ஸ்காரர், "பாவங்க, குழந்தை," என்றார், இன்னும் ரகசியமாகவே.

"ஒரு பாட்டு பாடிடேன்," என்றான் கணவன். "நீ பாடினாத்தான் அடங்கும்."

"எது, மணிக்கூண்டா?"

"ரெண்டும்தான்."

"பூட்டப் போறாங்க."

"இன்னொரு நாள் ஏறிக்கலாமே. அது எங்க ஓடிடப் போகுது?"

நியாயமாகத்தான் பட்டது. பாடுவது என்ன பெரிய வேலை? ஒரு பாட்டு. அப்புறம் உருண்டைக்கு மூக்கு. அப்புறம் அவனுக்கு ஒன்றுக்கு வரும். எல்லாம் கைப்பழக்கம்தானே என்று எண்ணியவள் தற்செயலாகக் குனிந்து பார்த்தாள். அவளுடைய வலது கை மணிக்கூண்டின் சுவரை மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்தது. அவளைக் கேட்காமலே ஆரம்பித்திருந்தது. தட்டும் தாளம்கூடச் சரியாக இருந்தது. வெளிச்சுவரின் கல், வெயில் பட்டு, குழந்தையின் முதுகைப்போல வெதுவெதுப்பாக இருந்தது.

எத்தனை நேரமாகத் தட்டுகிறது இந்தக் கை? அவளுக்குச் சிரிப்பு வந்தது. பயமாகவும் இருந்தது.

அந்தக் கையைச் சுவரிலிருந்து எடுத்தாள். தன் காலைப் பிடித்திருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, மகளின் நெற்றியில் முத்தமிட்டு, அவளைத் தூக்கிக் கணவனின் இடுப்பில் வைத்தாள்.

"எனக்கு ஒரு பாட்டும் தெரியாதே," என்றான் அவன், உண்மையான திகிலோடு. "இரும்மா. ஒரே ஒரு பாட்டு."

"இல்லைங்க," என்றாள் அவள், ரகசியக் குரலில் அல்ல, வீட்டில் பேசுகிற சாதாரணக் குரலில். "நான் பாடல. மேல போறேன்."