அன்புசெல்வனின் விமானமும் மணவாள நகர் பஸ்ஸும்

அன்புசெல்வன் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை விமானம் ஏறியிருந்தார். சென்னையிலிருந்து கோயம்புத்தூருக்கு, மலிவு டிக்கெட்டில். இறங்கி இரண்டு மாதமாகியும் மனிதர் இன்னும் தரைக்கு வரவில்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பிளாஸ்டிக் மூடி செய்யும் கம்பெனி ஒன்றுக்கு அவர்தான் பர்சனல் ஆபீசர். அந்த 2006ஆம் வருஷம் அவரிடம் லீவு கேட்கப் போனவர்கள்கூட விமானக் கதை கேட்டுவிட்டுத்தான் திரும்பினார்கள்.

சுமலதாவுக்கு அவரைக் கண்டாலே இளக்காரம். மூடிகளில் ஓட்டை இருக்கிறதா என்று பார்த்துக் கழிப்பது அவள் வேலை. மணவாள நகரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்து போகிற நேரத்தில் அஞ்சல் வழி பி.ஏ.வுக்குப் படித்தாள். இந்த வருஷம் அளவையியல் என்றொரு பாடம். ஒருவர் பேச்சில் எது முடிவு, அதைத் தாங்கி நிற்கும் எடுகூற்றுகள் எவை என்று பிரிக்கச் சொல்லும். பிரிக்கத் தெரிந்த பிறகு பாதிப் பேர் பேசுவது அவளுக்கு உளறலாகத் தெரிந்தது. கொஞ்சம் திமிரும் வந்திருந்தது.

அவளை வேலைக்கு விட்டதே அந்த பஸ்ஸால்தான். அப்பா ராஜமாணிக்கம் நெல் போடுகிறவர். "கம்பெனி பேரு போட்ட பஸ்ஸு வந்து இட்டுக்கினு போவுதுன்னா போ" என்று சொல்லித்தான் அனுப்பினார். அந்தப் பேரை ஊரில் நாலு பேர் படிப்பதில் அவருக்கு ஒரு கௌரவம். பஸ் நின்றால் வேலை நிற்கும், வேலை நின்றால் அடுத்த முகூர்த்தத்தில் அவளுக்குத் தாலி என்பது சுமலதாவுக்குத் தெரியும்.

சனிக்கிழமை ஷிப்டு முடிந்ததும் அன்புசெல்வன் கேன்டீனில் கூட்டம் போட்டார்.

"முன்னெல்லாம் ப்ளேன் உடறது கவர்மெண்டு மட்டும்தான். டிக்கெட்டு ஆனை வெல குதிரை வெல. அப்பால யார் வேணா ஓட்டுங்கன்னு தொறந்து உட்டாங்க. போட்டி வந்துச்சு, ரேட்டு விழுந்துச்சு. நானே போயிக்கினு வந்தேன். அதனால நம்ம பஸ்ஸ நிறுத்திட்டு வெளி வேனுக்கு உட்டுடப் போறோம். உங்களுக்குத்தான் லாபம்."

பெண்கள் தலையாட்டினார்கள். சுமலதா நோட்டில் எழுதினாள். திறந்து விட்டதும் போட்டி வந்தது: எடுகூற்று. போட்டி வந்ததும் ரேட்டு விழுந்தது: இன்னொன்று. பஸ்ஸை நிறுத்த வேண்டும்: முடிவு. நடுவில் பெரிய ஓட்டை. மணவாள நகர் ரோட்டிலும் போட்டி வரும் என்று மனிதர் சொல்லவே இல்லை. இப்படி ஒரு மூடி கைக்கு வந்தால் திரும்பிக்கூடப் பார்க்காமல் குப்பையில் போட்டிருப்பாள்.

எழுந்து நின்றாள். "சார், எத்தினி வேன் வருது?"

"இப்போதிக்கு ஒண்ணு. துளசிராமன் வேன்."

துளசிராமன் அவருடைய மச்சான் என்பது கேன்டீன் பூனைக்கும் தெரியும்.

"ஒத்த வேன் யார்கூட சார் போட்டி போடும்? போட்டியாலதான் ரேட்டு விழுந்துச்சுன்னு நீங்கதான சொன்னீங்க."

கேன்டீனே சிரித்தது. பக்கத்தில் இருந்த குணசுந்தரி மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். அன்புசெல்வன் கோபப்படாமல் பேனாவை எடுத்தார்.

"நல்ல பாயிண்டு. வேன் வேணான்னு நீங்களே சொல்லிட்டீங்க. எழுதிக்கிறேன். வேன் கேன்சல்."

"அப்ப பஸ்ஸு சார்?"

"பஸ்ஸு போன வாரமே வித்தாச்சும்மா."

முடிவை முதலில் எடுத்துவிட்டு, அப்புறம் சாவகாசமாக எடுகூற்று தேடியிருக்கிறார் இந்த மனுஷன். சுமலதாவுக்கு அவர் மேலிருந்த வெறுப்பு தன் நோட்டின் மேலும் திரும்பியது. குணசுந்தரி சிரிப்பை நிறுத்தியிருந்தாள். "உன்ன யாரு பேசச் சொன்னது? அந்த வேனாவது வந்துருக்கும்" என்றாள்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் ராஜமாணிக்கத்துக்கு யோசிக்க வேலையே இருக்கவில்லை.

"பஸ்ஸு வந்தா போன்னேன். பஸ்ஸு இல்ல. போவாத."

பாடப் புத்தகத்தில் தவறுக்கு உதாரணமாகக் கொடுத்திருந்த அதே வடிவம். அவள் விடவில்லை.

"நைனா, மழ பேஞ்சா வாசல் நனையும். அதுக்காக மழ பேயலன்னா வாசல் காஞ்சிதான் இருக்கும்னு சொல்ல முடியுமா? யாராச்சும் தண்ணி தெளிச்சிருக்கலாம் இல்ல? அந்த மாதிரிதான். பஸ்ஸு இல்லன்னா போவக்கூடாதுன்னு ஆவாது. நான் ரயில்ல போறேன்."

ராஜமாணிக்கம் முழுதும் கேட்டார். நியாயமாகத் தலையாட்டினார்.

"கரெக்டாத்தான் சொல்ற" என்றார். பிறகு சமையலறைப் பக்கம் திரும்பி அவள் அம்மாவிடம் சொன்னார்: "பொதட்டூர்பேட்டைக்காரங்களுக்கு போன் போடு. நாளைக்கே பொண்ணு பாக்க வரச் சொல்லு."