சொல்லிட்டு எடு

மவுஸை அவன் மூட்டையின் காதைப் பிடிப்பதுபோல இறுக்கிப் பிடித்திருந்தான். அதனாலோ என்னவோ, திரையில் இருந்த அம்பு அவன் நினைத்த இடத்தில் நிற்கவே இல்லை. ஒரு தடவை மேல் மூலைக்கு ஓடி மறைந்துகொண்டது. இன்னொரு தடவை எதையோ திறந்துவிட்டது. அதை மூட வழி தெரியாமல் நாற்காலியை விட்டு எழுந்தான். எழுந்து நின்று பார்த்தாலும் அதே திரைதான். மறுபடி உட்கார்ந்தான்.

நூலகத்தின் கணினி அறையில் நான்கு மேசைகள். ஆளுக்கு அரைமணி நேரம். திரையின் மேல் ஓரத்தில் மீதி நேரம் குறைந்துகொண்டே வந்தது. பதினொரு நிமிடம். பத்து.

மேசையில் அக்காவின் ரீடர் இருந்தது. புத்தகங்களை உள்ளே ஏற்றி வைத்துப் படிக்கிற, கையகலப் பலகை. பக்கத்தில் அவளுடைய நாற்பது பக்க நோட்டு. அட்டையில் 'முதல் தடவை உக்கார்றவங்களுக்கு' என்று எழுதியிருந்தாள். உள்ளே எழுத்துகள் குண்டு குண்டாக, ஒருபக்கம் சாய்ந்து இருந்தன.

'வயரைக் குத்து. உடனே எதையும் தொடாதே. இஸ்திரிப் பெட்டி சூடாகக் காத்திருப்போமே, அப்படிக் காத்திரு. புதுசா ஒரு அலமாரி திறக்கும். அதுதான் உன் ரீடர்.'

இதுவரை சரியாகத்தான் வந்திருந்தது. அதற்குக் கீழே அரைப்பக்கம் இருந்தது. அவன் அதைத் தாண்டிவிட்டு, 'இழுத்து வந்து அலமாரியில போடு' என்ற வரிக்குப் போனான். திரையின் நடுவில் புத்தகத்தின் பெயரோடு ஒரு சின்னப் படம் இருந்தது. அதைப் பிடித்து இழுத்து அலமாரியில் போட்டான். கண்ணிமைக்கும் நேரத்தில் போய் விழுந்தது.

"இம்புட்டுத்தானா?" என்றான் உரக்க. பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

சரக்குக் கிடங்கில் முப்பது வருடமாக மூட்டை ஏற்றி இறக்குகிறவன் அவன். இவ்வளவு சுளுவாக ஒரு சுமை ஏறி அவன் பார்த்ததில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்தான்.

முந்தாநாள்தான் ஆஸ்பத்திரியில் அக்காவை வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொல்லிவிட்டார்கள். நுரையீரலில் நீர் கோத்திருந்தது. எடுக்க எடுக்க ஊறியது. டாக்டர் சொல்லாமல் விட்டதை மருந்து கொடுத்த நர்ஸ் கண்ணாலேயே சொல்லிவிட்டாள்.

அக்கா இருபத்தாறு வருடம் ஒரு பெரிய லாண்டரியில் இஸ்திரி போட்டவள். விடுதிப் படுக்கை விரிப்புகள், ஒரு நாளைக்கு நூற்று ஐம்பது. இரண்டு மணிக்கட்டும் போயின. தடிப் புத்தகத்தைத் தூக்கிப் பிடிக்க முடியாது என்பதால், வேலையை விட்டு நின்றபோது கூட வேலை செய்த பெண்கள் சேர்ந்து இந்த ரீடரை வாங்கிக் கொடுத்தார்கள். அதில் புத்தகம் ஏற்ற அவளே முட்டி மோதிக் கற்றுக்கொண்டாள். பிறகு ஒவ்வொரு ஞாயிறும் நூலகத்தில் போய் உட்கார்ந்து, கணினியைத் தொட்டே பார்க்காதவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தாள். இவனையும் எத்தனையோ தடவை கூப்பிட்டிருக்கிறாள்.

"ஒரு ஞாயித்துக்கிழமை வாயேண்டா, மூட்டை."

"நான் படிச்சு எந்தக் கோட்டையைப் பிடிக்கப் போறேன்? போக்கா."

இன்று காலை ஆறு மணிக்கு ஒரு கதையின் இரண்டாம் பாகத்தை முடித்துவிட்டு அவனைக் கூப்பிட்டாள். மொத்தம் மூன்று பாகமாம். இரண்டாம் பாகத்தின் கடைசியில் ஒரு பெண் வீட்டைவிட்டு ஒற்றைப் பையோடு வந்து நிற்கிறாள். பேருந்து வருகிறது. கதவு திறக்கிறது. அதோடு பாகம் முடிகிறது.

"ஏறினாளா இல்லையான்னு தெரியாம என் கட்டை வேகாதுடா" என்றாள் அக்கா. "மூணாவது பாகம் நூலகக் கம்ப்யூட்டர் நாலுலயும் இருக்கு. நான்தான் எறக்கி வச்சேன். ஏத்திட்டு வா."

"உன் மகளை அனுப்பேன். அவளுக்குத் தெரியுமே."

"அவ என் பக்கத்துல இருக்கணும். உன்னால இங்க உக்காரவும் முடியல, நிக்கவும் முடியல. கூண்டுல அடைச்ச புலி மாதிரி அலையறே. போயிட்டு வா."

அது உண்மைதான். இரண்டு நாளாக அந்த அறையில் அவனுக்குக் கால் தரிக்கவில்லை.

அவன் வியர்க்க விறுவிறுக்க வீட்டுக்குள் நுழைந்தபோது அக்கா மூன்று தலையணைகளில் சாய்ந்திருந்தாள். அக்கா மகள் ஈரத்துணியால் அவள் உதட்டை ஒற்றிக்கொண்டிருந்தாள். ரீடரை வாங்கி அழுத்திப் பார்த்தாள் அக்கா. மறுபடி அழுத்தினாள்.

"ஒண்ணும் வரலியேடா. எதை எடுத்துப் போட்டே?"

"நடுவுல ஒரு படம் இருந்துச்சு. புத்தகத்து பேரு போட்டு."

"அந்தப் படத்துல, கீழ ஓரத்துல சின்னதா வளைஞ்ச அம்பு இருந்துச்சா?"

யோசித்தான். "இருந்துச்சு."

அக்கா சிரித்தாள். சிரிப்பு இருமலானது. இருமல் நிற்க ஐந்து நிமிடம் ஆனது. மகள் முதுகைத் தடவிக்கொண்டே, "சிரிக்க வைக்காத மாமா" என்று பல்லைக் கடித்தாள்.

"துணியை விட்டுட்டு டோக்கனை எடுத்துட்டு வந்திருக்கே" என்றாள் அக்கா, மூச்சை இழுத்து இழுத்து. லாண்டரியில் ஒவ்வொரு துணியிலும் எண் போட்ட சீட்டு ஒன்றைக் குத்தியிருப்பார்கள். "அம்பு போட்டது வெறும் டோக்கன். துணி எந்த அலமாரியில இருக்குன்னு சொல்லும். போட்டுக்க முடியுமா அதை? துணி உள்ள இருக்கும், அம்பு இல்லாம. நோட்டுல எழுதியிருக்கேனே."

"தாண்டிட்டேன்."

"தாண்டுவே. இருபது பேருக்குச் சொல்லிக் கொடுத்தேன். இருபது பேரும் மொத தடவை டோக்கனைத்தான் எடுத்தாங்க. ஆனா ஒருத்தரும் அதைச் சைக்கிள்ல வச்சு இந்த வேகத்துல கொண்டு வரல."

இந்த முறை மகளும் சிரித்துவிட்டாள். அவன் ரீடரையும் நோட்டையும் சட்டைக்குள் போட்டுக்கொண்டு படியிறங்கினான். "மெதுவா போடா" என்றது அக்காவின் குரல். சைக்கிளின் சங்கிலி கழன்றது. மாட்டினான். கையெல்லாம் கறுப்பு.

நூலகத்தில் நான்கு மேசையிலும் ஆள். அவன் வாசலுக்கும் மேசைக்குமாக நடந்தான். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். கையைக் கழுவினான். மறுபடி நடந்தான். ஓரத்து மேசையில் காவலாளிச் சீருடையில் இருந்த பெரியவர் தலையைத் தூக்கினார்.

"தரை தேஞ்சுரும்பா. என்ன அவசரம்?"

அவன் ரீடரையும் நோட்டையும் எடுத்துக் காட்டினான். அவர் பார்வை நோட்டின் அட்டையில் நின்றது. உடனே நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"டோக்கன் அக்கா நோட்டுல்ல இது! நீங்க மூட்டை தூக்கற தம்பியா? உக்காருங்க, உக்காருங்க. எனக்கு இன்னும் இருபது நிமிஷம் இருக்கு, எடுத்துக்கங்க. உங்களைப் பத்தி நெறைய சொல்லியிருக்காங்க."

"என்ன சொல்லுச்சு?"

"எல்லாத்தையும் தூக்கிருவான், இங்க வந்து உக்கார மட்டும் உடம்பு வளையாதும்பாங்க." சொல்லிவிட்டு அவன் முகத்தைப் பார்த்தார். "வேடிக்கைக்குத்தான். ரெண்டு வாரமா காணோமே அவங்களை?"

"உடம்பு சரியில்ல" என்றான். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான்.

அவர் பின்னால் நின்று சொல்லச் சொல்ல அவன் செய்தான். வயரைக் குத்தினான். காத்திருந்தான். அலமாரி திறந்தது. "துணியா டோக்கனான்னு பாருங்க" என்றார் அவர். "இது டோக்கன். உள்ள போங்க. இன்னும் உள்ள. இந்தா, இதுதான் துணி." அக்காவின் சொற்கள் முன்பின் தெரியாத ஒருவர் வாயிலிருந்து வந்தது அவனுக்கு என்னவோபோல் இருந்தது.

இழுத்துப் போட்டான். இந்தத் தடவை உடனே போகவில்லை. படங்களோடு கூடிய பெரிய புத்தகம், கணினியோ கிழடு. பச்சைக் கோடு ஒன்று நத்தைபோல ஊர்ந்தது. இருபது. முப்பத்தைந்து. அவன் தொடை ஆடிக்கொண்டே இருந்தது. ஐம்பதில் வந்து கோடு நின்றுகொண்டது.

"நின்னுருச்சு."

"நிக்காது. மூச்சு வாங்கும். அப்புறம் போகும்."

அப்போதுதான் போன் அடித்தது. அக்கா மகள்.

"மாமா. மூச்சு வேற மாதிரி இருக்கு. வா." அவ்வளவுதான். அழவில்லை. அழாததுதான் அவனை எழுப்பிவிட்டது.

கோடு அறுபத்தொன்றில் இருந்தது. அவன் கை வயரில் இருந்தது.

"பிடுங்காதீங்க! கம்ப்யூட்டர்கிட்ட சொல்லிட்டு எடுக்கணும்" என்று அவர் கையை நீட்டினார். "சொல்லாமக் கொள்ளாமப் பிடுங்கினா உள்ள இருக்கறது..."

அதற்குள் பிடுங்கிவிட்டான்.

சைக்கிளை மிதித்த அந்தப் பத்து நிமிடமும் அவன் எதையும் நினைக்கவில்லை. நெஞ்சில் ரீடர் இடித்துக்கொண்டே வந்தது.

அக்கா இருந்தாள். கண் திறந்திருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் தோள்கள் மேலே ஏறி இறங்கின. பெரிய சுமையோடு மேட்டில் ஏறுகிறவனின் தோள்கள்போல. மகள் எழுந்து, "டாக்டரைக் கூப்பிடறேன், பக்கத்துல இரு" என்று போனோடு வாசலுக்குப் போனாள்.

அவன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ரீடரைத் திறந்தான். பட்டியலில் புத்தகத்தின் பெயர் இருந்தது. அக்காவின் முகத்துக்கு நேரே பிடித்தான். அவள் பார்த்தாள். தலை லேசாக அசைந்தது.

"படி" என்றாள். "எனக்கு... எழுத்து தெரியல."

பெயர்மேல் அழுத்தினான். அவன் விரலின் காய்ப்பைத் திரை கண்டுகொள்ளவில்லை. சுண்டுவிரலால் அழுத்தினான். வெள்ளையாகி, பிறகு ஒரு வரி வந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தான். 'இந்தப் புத்தகத்தைத் திறக்க முடியவில்லை.'

மறுபடி அழுத்தினான். அதே வரி.

"என்னடா... போட்டிருக்கு?"

அவன் தொண்டையைச் செருமினான்.

"பஸ்ஸு நின்னுக்கிட்டு இருந்துச்சு" என்றான்.

"ம்."

"கதவு திறந்துதான் இருந்துச்சு. அவ ஏறிட்டா."

"ஏறிட்டாளா?"

"ஏறிட்டாக்கா. ஜன்னல் ஓரமா எடம் கிடைச்சிருச்சு."

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு, "பை?" என்றாள்.

"பையை மேல வைக்கல. மடியிலயே வச்சுக்கிட்டா. மேல வச்சா வண்டி திரும்பறப்ப சரிஞ்சு விழுந்துரும். கயித்தாலே கட்டினாத்தான் நிக்கும்."

அவள் உதட்டின் ஒரு ஓரம் நெளிந்தது.

"அப்படியா... எழுதியிருக்கு?"

"அப்படித்தான் போட்டிருக்கு."

வாசலில் மகள் யாரிடமோ வழி சொல்லிக்கொண்டிருந்தாள். அக்காவின் கை விரிப்பின்மேல் மெதுவாக நகர்ந்தது. சுருக்கம் ஒன்றை நீவிவிட்டு நின்றது.

"வயரை... சொல்லிட்டு எடுத்தியா?"

"சொல்லிட்டுத்தான் எடுத்தேன்."

"ம்" என்றாள். "மேல படி."

அவன் அந்த ஒற்றை வரியையே பார்த்துக்கொண்டு படித்தான். வண்டி கிளம்பியது. காற்று வந்தது. ரோட்டோரத்தில் லாரியிலிருந்து மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருத்தன் நிமிர்ந்து பார்த்தான். அவளும் பார்த்தாள். டிக்கெட் கொடுக்கிறவர் வந்தார். எங்கே போகணும் என்று கேட்டார்.

"அவ என்ன சொன்னான்னா..." என்று இழுத்தான். ஊர்ப் பேர் ஒன்றும் வாயில் வரவில்லை. இந்த இடத்தில் அக்கா கட்டாயம் எங்கே என்று கேட்பாள் என்று காத்திருந்தான்.

அவள் கேட்கவில்லை.

அவன் இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்தான். ரீடரின் வெளிச்சம் தானாகவே அணைந்தது. மகள் உள்ளே வந்து, கதவருகில் அப்படியே நின்றாள்.

காரியங்கள் எல்லாம் முடிந்து ஐந்தாம் நாள் கிடங்கிலிருந்து ஆள் அனுப்பியிருந்தார்கள். நாளைக்கு வருகிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டு, அவன் நூலகத்துக்குப் போனான். ஓரத்து மேசை காலியாக இருந்தது. அடுத்த மேசையில் காவலாளி. அவர் இவனைப் பார்த்தார். கையிலிருந்த நோட்டைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அன்னிக்கு உள்ள போகலைண்ணே" என்றான். "பாதியில நின்னுருச்சு."

"கெட்டதை மொதல்ல அழிச்சிருங்க. அப்புறம் போடுங்க."

இந்த முறை அவன் நோட்டில் எந்த வரியையும் தாண்டவில்லை. விரலை வைத்து ஒவ்வொன்றாகப் படித்தான். வயரைக் குத்தினான். காத்திருந்தான். பாதிப் புத்தகத்தை அழித்தான். அம்பு போட்டதை விட்டுவிட்டு உள்ளே போய், அம்பு இல்லாததைப் பிடித்து இழுத்தான். ஐம்பதில் கோடு நின்றது. அவன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி நகர்ந்தது. அறுபத்தொன்றைத் தாண்டியது. நிறைந்தது.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரே வரி. 'சொல்லிட்டு எடு.' அடியில் இரண்டு கோடு போட்டிருந்தாள்.

அவள் வரைந்து காட்டியிருந்த இடத்தில் அழுத்தினான். திரையின் மூலையில் ஒரு சிறிய பெட்டி வந்தது. 'இப்போது எடுக்கலாம்.'

வரிசையில் நின்றவர் எட்டிப் பார்த்தார். "முடிஞ்சுதாங்க?"

அவன் மேல் ஓரத்தைப் பார்த்தான்.

"இன்னும் நாலு நிமிஷம் இருக்குல்ல" என்றான்.

கை வயரின்மேல் இருந்தது. அவன் அதை எடுக்கவில்லை.