சாயத்தண்ணியும் இரும்பு மாத்திரையும்

“குடுக்குற மாத்திரைய சாக்கடக் கானுக்குள்ள வீசுறா மிஸ், நல்லாக் கேளுங்க!” கிளினிக் வாங்கில் வரிசையாக உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னாள் தெய்வானை. ஏழு மாதக் கர்ப்பிணியான மருமகள் சுகந்தினி தலையைக் குனிந்துகொண்டாள். மூன்று மாதமாக இரும்பு மாத்திரை வாங்கியும் அவள் உடம்பில் இரத்தம் ஏறவில்லை. தேயிலைக் கொழுந்து பறிக்கும் மலை முழுக்க, மாத்திரையை வீசுகிறாள் என்ற பேச்சைத் தெய்வானை ஏற்கனவே பரப்பியிருந்தாள்.

மருத்துவமாது சுகந்தினியிடம் கேட்டார். “மாத்திர போடுறீங்களா?”

“ஒருநாளும் விட்டதில்ல மிஸ்.”

“எதோட முழுங்குறீங்க?”

“மாமி தர்ற சாயத்தண்ணியோட.”

“சோறு தின்ன கையோட, பாலில்லாம தேயில போட்டு நல்லா கடுப்பா நாந்தான் ஊத்திக் குடுப்பேன். தெம்பு வேணும்ல!” என்றாள் தெய்வானை பெருமையாக.

மருத்துவமாது பேனாவைக் கீழே வைத்தார். “அந்தச் சாயந்தான் இரும்ப குடலோட நிறுத்திருதும்மா. இரத்தத்துல சேர விடாது. மாத்திரைய புளிப்பா தேசிக்கா புழிஞ்ச தண்ணியோட குடுங்க. தேத்தண்ணிய ரெண்டு மணித்தியாலம் தள்ளிக் குடிக்கட்டும்.”

வாங்கில் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். “அப்ப மாத்திரைய கானுக்குள்ள போட்டது யாரு தெய்வானையக்கா?”

தெய்வானைக்கு முகம் பற்றி எரிந்தது. சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு வெளியே வந்தாள். வீதியில் இறங்கும்வரை, பின்னால் வந்த மருமகளின் முகத்தை அவளால் பார்க்க முடியவில்லை.

“நாளைக்கு மலையில நானே சொல்லிர்றேன் தாயி, தப்பு என்னோடதுன்னு.”

வேண்டாம் மாமி என்று மருமகள் சொல்வாள் என்றுதான் தெய்வானை நினைத்தாள்.

“சொல்லுங்க மாமி,” என்றாள் சுகந்தினி. “எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லுங்க.”